கோயில் தோட்டா

இக்னேஷியஸ் தன் பிள்ளைகளை அடிக்கும் சத்தம் எனக்கு மனப்பாடம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் யார் வீட்டில் மீன் வறுபடுகிறது, யார் வீட்டில் பொம்பளை அடி வாங்குகிறாள் என்பதெல்லாம் ரகசியமே இல்லை. ஆனால் அவன் வீட்டு அடிக்கு ஒரு முறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதலில் ஒரு கேள்வி கேட்கும். அப்புறம் அறை கேட்கும்.

அவன் பாயை விரித்து நடுவில் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கிடத்துவான். இந்தப் பக்கம் மகன் வால்டர், அந்தப் பக்கம் மகள் ஆலிஸ். நான் சொல்வது அறுபத்து நாலாம் வருஷம். பையனுக்குப் பத்து வயது இருக்கும், பெண் அவனைவிடச் சின்னவள்.

"இதுல தோட்டா கீதா?"

"இல்ல நைனா," என்பான் வால்டர்.

பளார் என்று ஒன்று விழும்.

"நீ சொல்லு."

அண்ணன் வாங்கியதைப் பார்த்த ஆலிஸ் மறுபக்கம் தாவுவாள். "கீது நைனா."

அவளுக்கும் ஒன்று. "நீ பாத்தியா? தொறந்து பாத்தியா? பாக்காம எப்டி சொன்ன?"

"தெரியாது நைனா, தொறந்து பாக்கணும்." அவன் ஏற்றுக்கொண்ட பதில் இது ஒன்றுதான். இதைச் சொன்னவர்களுக்கு மட்டும் துப்பாக்கியைத் தொட அனுமதி உண்டு. குழலைச் சுவர் பக்கம் திருப்பி, விரலை விசைக்கு வெளியே வைத்து, மடக்கித் திறந்து, இரண்டு குழலுக்குள்ளும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "காலி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சுவர் என் வீட்டுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். காலி என்று கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

இதை ஒரு நாள் அவனிடமே சொன்னேன். "எங்க வூட்டு செவுத்த பாத்து தான் நீட்டணுமா?"

"தெருவ பாத்து நீட்டச் சொல்றியா, லட்சுமணா? செவுரு செத்தா திரும்பக் கட்டிக்கலாம்." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவன் ஏன் இப்படி ஆனான் என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னான். பர்மாச் சண்டையில் பட்டாளத்தில் இருந்தபோது கூடாரத்தில் சோறு தின்றுகொண்டிருந்தார்களாம். எதிரில் உட்கார்ந்து ரைபிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் காலிதான், காலிதான் என்று சொல்லிக்கொண்டே விசையை இழுத்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவனின் மூளை இக்னேஷியஸின் தட்டில் விழுந்தது. அந்தத் தட்டைக் கழுவித் திரும்ப அதிலேதான் அவன் சண்டை முடிகிறவரை தின்றான், வேறு தட்டு கிடையாது. ஊருக்கு வந்த பிறகும் தயிர் சாதத்தை மட்டும் அவன் தொடமாட்டான். பெண்டாட்டி அடைக்கலமேரி காரணம் கேட்டால் எரிந்து விழுவான். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

அப்படிப்பட்டவன் எதற்கு வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தான் என்று கேட்பீர்கள். அதில்தான் அவன் சோறு இருந்தது. திருவொற்றியூரில் ஒரு செம்புக் கம்பிக் கிடங்கில் அவன் காவல்காரன். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருப்பவனுக்குத்தான் அந்த வேலை. வேலை முடிந்தால் துப்பாக்கி அவனோடு சைக்கிளில் வீட்டுக்கு வரும். வீட்டில் ஒரு தகரப்பெட்டியில் துப்பாக்கி, இன்னொரு பெட்டியில் தோட்டா. இரண்டு சாவியும் அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டான்.

"இதால என் வூட்ல ஒரு உசுரு போவக்கூடாது, லட்சுமணா," என்பான். "வெளில எவன் செத்தா எனக்கின்னா. என் வூட்ல போவக்கூடாது." அவனுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான். அந்த வேண்டுதலுக்காக அவன் பிள்ளைகளை அடித்த அடியைப் பார்த்தால் சாமியே வேண்டாம் என்று ஓடிப்போயிருக்கும். ஒரு முறை வால்டர் துடைப்பக்கட்டையைத் தோளில் வைத்து, தங்கையைப் பார்த்து டுமீல் என்று விளையாடிவிட்டான். இக்னேஷியஸ் அந்தக் கட்டையைப் பிடுங்கி அது முறியும்வரை பையன் முதுகில் போட்டான். நான் உள்ளே புகுந்து தடுத்தபோது எனக்கும் இரண்டு விழுந்தது. முழங்கை வீங்கி மறுநாள் என்னால் கிரேன் லீவரைப் பிடிக்க முடியவில்லை. துறைமுகத்தில் எல்லோரும் விசாரித்தார்கள், மாடு முட்டிவிட்டது என்றேன்.

"புள்ளய கொன்னுடுவ போலக் கீதே," என்றேன்.

"அடிச்சா வலிக்கும், ஆறிப்பூடும். துப்பாக்கி ஆறாது."

அவன் அடித்ததை நான் ஒரு நாளும் சரி என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் அவன் பயம் பொய்யில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ரத்தம் பார்ப்பது பெரிய சங்கதி இல்லை. இரண்டு சங்கத்துக்காரர்கள் துறைமுக வாசலில் சோடா பாட்டில் வீசிக்கொள்வார்கள். மில் கதவடைப்பு என்றால் சைக்கிள் செயின் சுழலும், ஆசிட் பல்பு பறக்கும். முகம் வெந்துபோய் ஓடியவனை நானே சாக்குப் போட்டுப் பிடித்திருக்கிறேன். அப்படி ஒரு வேலைநிறுத்தக் காலத்தில், பொழுது விடியும் நேரம், கிடங்குச் சுவரேறி ஒரு கும்பல் செம்புக் கம்பி திருட வந்தது. கையில் கடப்பாரை. முதல் அடியிலேயே இக்னேஷியஸின் தாடை உடைந்து பற்கள் தெறித்தன. விழுந்த இடத்திலிருந்தே அவன் சுட்டான். தோட்டாவின் ஈய ரவை மொத்தமும் கும்பலில் இருந்த சின்னப்பையன் என்பவனின் முழங்காலில் பாய்ந்தது. காலை எடுத்துவிட்டார்கள்.

தாடையில் கட்டுப் போட்ட நிலையிலேயே இக்னேஷியஸ் செய்த காரியத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வால்டரையும் ஆலிஸையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். "நீயும் வா, லட்சுமணா, ஆலிஸ் மயக்கம் போட்டா தூக்க ஆள் வேணும்," என்று என்னையும் இழுத்தான். வார்டு முழுக்க மருந்து நாற்றம். சின்னப்பையன் கட்டிலில் கிடந்தான், கையில் விலங்கு, பக்கத்தில் ஸ்டூலில் போலீஸ்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா," என்றான் சின்னப்பையன், "வேடிக்க காட்டவா இட்டாந்த?"

"ஆமா," என்று சொல்லி இக்னேஷியஸ் போர்வையைத் தூக்கினான். கட்டு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக ஊறியிருந்தது. "பாருங்க. நல்லா பாருங்க. இத்தினியூண்டு ரவ செஞ்ச வேல. இவனும் ஒருத்தி பெத்த புள்ளதான்."

ஆலிஸ் அங்கேயே வாந்தி எடுத்தாள். சின்னப்பையன் காறி இக்னேஷியஸின் முகத்தில் துப்பினான். தாடைக்கட்டின் மேல் வழிந்ததை அவன் துடைக்கக்கூட இல்லை. வெளியே வந்ததும் பையனைப் பார்த்து, "துப்பாக்கிய ஆள் பக்கம் நீட்டுவியா?" என்று கேட்டான். வால்டர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். பையன் உதடு வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் துப்பாக்கிப் பாடத்துக்கு அறை தேவைப்படவில்லை.

இவ்வளவு பயந்தவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயப்படவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தெரு மாதா கோயில் திருவிழாவைச் சொல்லியாக வேண்டும்.

கொடியேறும் சமயத்தில் துப்பாக்கியால் மூன்று வெடி போடுவது இக்னேஷியஸின் அப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்த மரியாதை. நிஜத் தோட்டாவை வானத்தில் சுட்டால் ரவை கூட்டத்தின் தலையில் விழும் அல்லவா, அதனால் திருவிழாவுக்குத் தனித் தோட்டா. ரவையை எல்லாம் கொட்டிவிட்டு, வெடிமருந்தை மட்டும் விட்டு, தோட்டாவின் வாயைக் கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி அடைப்பான். பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகு அது. எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்கிச் சாமியார் முன் வைத்தால் அவர் தீர்த்தம் தெளிப்பார். இதற்குத்தான் கோயில் தோட்டா என்று பெயர். தேவைக்கு மேலேயே செய்வான், ஏனென்றால் மிச்சத்துக்குச் சந்தில் போட்டி. பேதி வந்த குழந்தையின் தலைமாட்டில் வைப்பார்கள், பிரசவத்துக்குப் போகிறவள் முந்தானையில் முடிவார்கள். நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள், எங்கள் வீட்டு முருகர் படத்துக்குக் கீழேயும் ஒன்று இருந்தது. என் பெண்டாட்டி பூவம்மா அதற்குக் குங்குமம் வைத்திருந்தாள்.

இக்னேஷியஸ் வீட்டில் அது மாதா சுரூபத்தின் காலடியில், பூட்டு இல்லாமல், சாவி இல்லாமல், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலிஸ்தான் கேட்டாள். சுவர் வழியாக எனக்கே கேட்டது. "நைனா, கோயில் தோட்டாவையும் பொட்டில பூட்டணுமா?"

ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. "அதுல ரவ எங்க கீது? அது சாமிக்குச் சத்தம் போட்றது, கண்ணு. மாதா தோட்டா யாரை இன்னா பண்ணும்? ஒண்ணியும் பண்ணாது."

அந்தப் பாடத்துக்கு மட்டும் அவன் அடிக்கவில்லை. அவனே நம்பினான். சந்து மொத்தமும் நம்பியது. நானும் நம்பினேன்.

வருஷங்கள் ஓடின. வால்டர் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தான். ஒல்லி, அதிகம் பேசமாட்டான், யார் உரத்துப் பேசினாலும் ஒதுங்கிப் போய்விடுவான். ஆலிஸை பாஸ்கலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பாஸ்கல் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன், என்னோடு ஒரே கப்பலில் பலமுறை வேலை செய்தவன். தோள் இரண்டும் கதவு அகலம். குடிக்காதபோது நல்லவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அவன் குடிக்காத பொழுதை நான் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே ஆலிஸின் மணிக்கட்டு ஒடிந்தது. அப்புறம் கழுத்தில் பீடிச் சூடு. அடைக்கலமேரி அழுது புரண்டாள். இக்னேஷியஸ் இரண்டு முறை மகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டான். "புருஷன் கை நீட்டத்தான் செய்வான், அனுசரிச்சு போ," என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனோடு பேச்சை நிறுத்தினேன். அடித்துச் சொல்லிக்கொடுத்த அப்பனையும் அடித்துக் குடித்தனம் நடத்திய புருஷனையும் அந்தப் பெண் தன் உடம்பால் சுமந்தாள், நடுவில் அவளைக் கேட்பார் யாரும் இல்லை. மூன்றாவது முறை அவள் வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. அன்றைக்குத்தான் இக்னேஷியஸ், "போவ வேணாம், இங்கியே இரு," என்றான்.

எழுபத்து நாலாம் வருஷத் திருவிழா. வெயில் தாழும் நேரத்தில் கொடி ஏறியது, மூன்று வெடியும் போட்டாகிவிட்டது. இக்னேஷியஸ் வீட்டுக்கு வந்து குழலுக்குள் வெந்நீர் விட்டுக் கழுவி, மடக்கித் திறந்தபடி கட்டிலில் காய வைத்தான். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் துரு ஏறும். அதனால் வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம் மட்டும் துப்பாக்கி வெளியே கிடக்கும். தோட்டாப் பெட்டி பூட்டியிருந்தது, சாவி அவன் இடுப்பில். இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேர் ஜோடிக்கக் கோயிலுக்குப் போனான்.

பாஸ்கல் அதற்குப் பிறகு வந்தான். சத்தம் கேட்டு நான் ஓடியபோது ஆலிஸின் முடி அவன் கையில் சுற்றியிருந்தது, அவளை வாசல்படி வழியாக இழுத்துக்கொண்டிருந்தான். குறுக்கே விழுந்த அடைக்கலமேரியை அம்மிக்கல் மேல் தள்ளினான். அவள் நெற்றி பிளந்து முகம் முழுக்க ரத்தம். நான் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையால் என் விலாவில் ஒன்று கொடுத்தான், எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வால்டர் அவன் கையைக் கடித்தான். பாஸ்கல் அவனைத் தூக்கிச் சுவரில் மோதினான், இரண்டு தடவை, மூன்று தடவை, அந்த ஒற்றைச் செங்கல் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்புறம் இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை எடுத்தான்.

"வர்றியா, இங்கியே அறுக்கட்டுமா?" என்று ஆலிஸைக் கேட்டான். கத்தி அவள் கேட்காத காதுப் பக்கம் இருந்தது. அவள் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கோடு விழுந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

வால்டர் எழுந்தான். தடுமாறிக்கொண்டே மாதா பீடத்துக்குப் போய்க் கோயில் தோட்டாவை எடுத்தான். கட்டிலிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். அந்த நேரத்திலும், வாயிலும் மூக்கிலும் ரத்தம் வழியும் நேரத்திலும், அவன் குழலைச் சுவர் பக்கம் திருப்பி, இரண்டுக்குள்ளும் கண்ணை வைத்துப் பார்த்தான். காலி என்று அவன் உதடு அசைந்தது. பிறகுதான் தோட்டாவைப் போட்டு மூடினான்.

நான் தரையில் கிடந்தேன். என்னைப் பார்த்து, "பயப்படாத மாமா," என்றான். "கோயில் தோட்டாதான். சும்மா சத்தம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. வெடிச் சத்தத்தில் அந்தக் குடிகாரன் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். வால்டரும் அதைத்தான் நினைத்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் காலைப் பார்த்தவன், ஆள் பக்கம் நீட்டமாட்டேன் என்று தலையாட்டியவன், இது துப்பாக்கிக் கணக்கிலேயே வராது என்று நினைத்து பாஸ்கலின் மார்புக்குக் கை நீளத் தூரத்தில் குழலை நீட்டினான்.

காது அடைத்துப்போயிற்று. புகை விலகியபோது பாஸ்கல் நின்றுகொண்டுதான் இருந்தான். தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். நெஞ்சில் ஒரு ஓட்டை, கை விரலே போகும். அதன் ஓரத்தில் துணி எரிந்துகொண்டிருந்தது. கத்தி முதலில் விழுந்தது, அப்புறம் அவன் விழுந்தான். ஆலிஸின் மேலேயே விழுந்தான். அவளை அடியிலிருந்து இழுத்தெடுத்தபோது அவள் உடம்பில் எது யார் ரத்தம் என்று தெரியவில்லை. பாஸ்கல் காலை உதறிக்கொண்டே இருந்தான். அது அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உருக்கி அடைத்த மெழுகு ஒரே கட்டியாகப் போய் அவன் நெஞ்செலும்பை உடைத்திருந்தது. பின்னால் டாக்டர் அதைத் துண்டு துண்டாக எடுத்தாராம்.

வால்டர் அசையாமல் நின்றான். விரல் விசையிலிருந்து வெளியே வந்து, பழக்கப்படி குழலோரம் நீட்டியிருந்தது.

இக்னேஷியஸ் ஓடி வந்தான், தோளில் தேருக்குக் கட்ட வைத்திருந்த பூச்சரம். பிணத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். ஆனால் முதலில் துப்பாக்கியைத்தான் மகன் கையிலிருந்து வாங்கினான். சுவர் பக்கம் திருப்பி, மடக்கித் திறந்து, இன்னொரு குழல் காலியா என்று பார்த்தான். அதற்குப் பிறகு இடுப்பைத் தடவினான். சாவிகள் இருந்தன.

"இன்னா போட்ட?"

"கோயில் தோட்டா நைனா."

அறைவதற்குக் கை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. வால்டர் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான், சின்ன வயதில் பாயில் உட்கார்ந்து காட்டுவது போல. "நீதானே சொன்ன," என்றான். "ஒண்ணியும் பண்ணாதுன்னு நீதானே நைனா சொன்ன."

கோர்ட்டில் எங்கள் வக்கீல் துப்பாக்கி கை தவறி வெடித்தது என்று சொல்லச் சொன்னார். இக்னேஷியஸ் கூண்டில் ஏறினான். "துப்பாக்கி தானா வெடிக்காதுங்க," என்றான். "என் புள்ள வேணும்னுதான் வெடிச்சான். சத்தம் மட்டுந்தான் வரும்னு நான் சொல்லிக்குடுத்தத நம்பி வெடிச்சான். ஜெயிலு எனக்குக் குடுங்க." சட்டத்தில் அதற்கு இடமில்லை. கொலை நோக்கம் இல்லை என்று தண்டனையைக் குறைத்து, வால்டரை ஏழு வருஷம் உள்ளே அனுப்பினார்கள். துப்பாக்கியைப் பறிமுதல் செய்தார்கள், லைசென்ஸ் போயிற்று, கிடங்கு வேலையும் போயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தில் வேறு கதை கிளம்பியது. பெண்டாட்டியை வதைத்த பாவியை மாதாவே சுட்டுத் தண்டித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். இல்லையென்றால் மெழுகு எப்படி எலும்பை உடைக்கும்? கோயில் தோட்டாவுக்கு முன்பைவிட மவுசு கூடியது. அதுவரை பீடத்தில் வைத்திருந்தவர்கள் பிள்ளைகள் கழுத்தில் கட்டிவிட்டார்கள். ஒருத்தி குடிகாரப் புருஷனிடம் அதைக் காட்டி மிரட்டினாள், அவன் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். வெடித்ததில் அவள் கை விரல் இரண்டு போயிற்று. அதற்கும் அவள் செய்த பாவம்தான் காரணம் என்று ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பூவம்மாவிடம் கத்தி எங்கள் வீட்டுத் தோட்டாவை எடுத்து இக்னேஷியஸிடம் கொடுத்தேன். அவன் மறுக்காமல் வாங்கிக்கொண்டான். எங்களுக்குள் பேச்சு திரும்பியது அப்படித்தான்.

மறுநாளிலிருந்து அவன் வீடு வீடாக ஏறினான். "அத்த குடுத்துடு. அது கொல்லும். நான் செஞ்சது, எனக்குத் தெரியும்."

"மாதா தோட்டாவ பழிக்கிறியா?" என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் குழந்தை கழுத்திலிருந்து அவனே பிடுங்கினான். அந்தக் குழந்தையின் அப்பனும் சித்தப்பனும் அவனை நடுச்சந்தில் போட்டு மிதித்தார்கள். பழைய உடைந்த தாடை மறுபடி உடைந்தது. பாஸ்கலின் ஆட்கள் தனியாக ஒரு முறை அடித்தார்கள், சைக்கிள் செயினால். அவன் திருப்பி ஒருவரையும் தொடவில்லை. பர்மாவையும் கடப்பாரையையும் பார்த்தவன், கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அடி முடியும்வரை காத்திருந்து, எழுந்து, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான். ரத்தம் ஒழுகும் வாயோடு ஒருவன் வாசலில் வந்து நின்று நகராமல் இருந்தால் எத்தனை நேரம்தான் பார்க்க முடியும்? கொடுத்தார்கள். கடைசி வீட்டுக்காரி அவன் முகத்திலேயே எறிந்தாள். எல்லாவற்றையும் ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, காசிமேட்டுக் கடலில் கொட்டினான். நான் கூடப் போனேன். நடக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

அதற்குப் பிறகுதான் மகனைப் பார்க்க ஜெயிலுக்கு வந்தான். அதுவரை அடைக்கலமேரியும் ஆலிஸும்தான் போய்க்கொண்டிருந்தார்கள். என்ன முகத்தோடு போவேன் என்று இவன் போகவில்லை. அன்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வால்டர் நின்றான். இன்னும் ஒல்லியாகியிருந்தான். அப்பனின் கோணிய தாடையையும் வீங்கிய கண்ணையும் பார்த்து, "யாரு அடிச்சது?" என்றான்.

"அத்த வுடு. என்னிய ஒரு கேள்வி கேளு."

"இன்னா கேள்வி?"

"கோயில் தோட்டா ஆளக் கொல்லுமான்னு கேளு."

"வேணாம் நைனா."

"கேளுடா."

சுற்றிலும் ஆளாளுக்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். வால்டர் என்னைப் பார்த்தான். கடைசியில் மெதுவாகக் கேட்டான். "கோயில் தோட்டா ஆளக் கொல்லுமா?"

"கொல்லாது," என்றான் இக்னேஷியஸ். பத்து வருஷத்துக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து சொன்ன அதே பதிலைச் சொன்னான். சொல்லிவிட்டு உடைந்த தாடையைக் கம்பி வலையில் வைத்து அழுத்தினான். "தப்பா சொல்லிட்டேன். அடி."

வால்டர் கை ஓங்கவில்லை. "அடிடா, தப்பா சொன்னா அடி வுழும், தெரியும்ல," என்று இக்னேஷியஸ் வலையைப் பிடித்து உலுக்கினான். குரல் உடைந்து கத்தலானது. வார்டர் லத்தியோடு வந்தார். அவர் வருவதற்குள் வால்டர் கையை விரித்து, அப்பன் கன்னம் இருந்த இடத்தில், வலையின் மேல் ஓங்கி அறைந்தான். வலை அதிர்ந்தது. மறுபடி அறைந்தான். கம்பி முனைகள் கிழித்து உள்ளங்கையிலிருந்து ரத்தம் வந்தது. மூன்றாவது அடியில் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு அழுதான். இக்னேஷியஸ் கன்னத்தை எடுக்கவில்லை.

வார்டர் அவர்களைப் பிரித்து வால்டரை உள்ளே இழுத்துப் போனார். வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது இக்னேஷியஸின் கன்னத்தில் வலையின் அச்சும் பையனின் ரத்தமும் இருந்தன. துடைத்துக்கொள் என்று என் துண்டைக் கொடுத்தேன். அவன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ராயபுரம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.